மஞ்சளும் வெள்ளையும்

கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறக்கத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் குடும்பம் நடத்த முடியாது.

ஊர் என்று வாய் சொல்லிவிடுகிறது. உண்மையில் அது தூத்துக்குடிக் கரையிலிருந்து நாற்பது மைல் தள்ளி, கடல் தரைக்கும் கீழே ஒரு கம்பெனி குடைந்து வைத்த பொந்து. பெயர் மட்டும் பெரிதாக, ஆழிநகர். உலோகக் கட்டி அள்ளுகிற சுரங்கம், சுற்றி வீடுகள், ஒரு கோயில், ஒரு கேன்டீன், ஆயிரத்து இருநூறு பேர். இல்லாதது வெயில் ஒன்றுதான். முதல் வருடம் தெருவில் வெயில் விளக்கு போட்டுப் பார்த்தார்கள். ஐம்பது பேருக்குக் கண் புண்ணானதும் கழற்றிவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்தவை இரண்டு மாத்திரைகள். மஞ்சள் மாத்திரை வைட்டமின் டி. வெள்ளை மாத்திரை மக்னீசியம்.

காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதும். வீட்டுச் சுவரில் ஆளுக்கொரு பெட்டி. அந்தப் பெட்டி அவரவர் விரலுக்குத் திறக்காது, சாட்சியின் கட்டைவிரலுக்குத்தான் திறக்கும். கல்யாணமானவர்களுக்குச் சாட்சி கணவன் அல்லது மனைவி. சாட்சிதான் இரண்டு மாத்திரையையும் எடுத்து மற்றவர் நாக்கில் வைக்க வேண்டும். இங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் கடற்கரைக் கிறிஸ்தவர்கள். அதனால் கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்குகிற மாதிரியே கண்ணை மூடி, நாக்கை நீட்டி வாங்கப் பழகிவிட்டார்கள். பிறகு அதுவே ஒரு மரியாதையாகிவிட்டது. கண்ணைத் திறந்து மாத்திரையைப் பார்க்கிறவள் புருஷனை நம்பாதவள். இங்கே நடந்த கல்யாணங்களில் பாலும் பழமும் கிடையாது, மஞ்சளும் வெள்ளையும்தான் ஊட்டினார்கள்.

நானும் நான்கு வருடம் கண்ணை மூடித்தான் வாங்கினேன். இத்தனைக்கும் பிறவியிலேயே நான் சந்தேகப் பேர்வழி. மீன் வாங்கினால் செவுளைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடியும் திறந்து பார்ப்பேன். அமைந்த வேலையும் அப்படி. மாதம் ஒன்றாம் தேதி ஊரார் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, உடம்பில் வேலை செய்கிற டி எவ்வளவு என்று அளந்து எழுதுவது. பன்னிரண்டுக்குக் கீழே போனால் சிவப்பு மை. தொடர்ந்து மூன்று மாதம் சிவப்பு விழுந்தால், ஒப்பந்தம் முடியாவிட்டாலும் அந்த ஆளைக் கம்பெனி மேலே அனுப்பிவிட வேண்டும். சட்டம் அப்படி.

எங்கள் ஒப்பந்தம் பத்து வருடம். என் பெயர் பிரகாசி. கணவர் மிக்கேல், கடல்நீரைக் குடிநீராக்கும் இடத்தில் ஃபிட்டர். வளரும் எலும்பு என்பதால் குழந்தைகளுக்குக் கீழே அனுமதி இல்லை. மகள் அமலியை ஐந்து வயதில் என் நாத்தனார் லூர்து மைனியிடம் விட்டுவிட்டு வந்தோம். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் திரையில் பேசலாம். போன தடவை பேசும்போது அவளுக்கு முன்பல் இரண்டும் முளைத்து முடிந்திருந்தன. விழுந்ததையே நான் பார்க்கவில்லை.

இந்த ஜனவரியில் என் அளவு பதினொன்று. பிப்ரவரியில் ஒன்பது. என் பெயருக்கு நேரே நானே சிவப்பு மையில் எழுதினேன்.

கெண்டைக்கால் கல் மாதிரி இறுகியது. இடது கண்ணிமை சொல்லாமல் கொள்ளாமல் துடித்தது. சில நேரம் நெஞ்சு இரண்டு அடி அடித்துவிட்டு மூன்றாவதை மறந்துபோய்ப் பிறகு அவசரமாக அடித்தது. டாக்டர் உலகநாதன் என் தாளைப் பார்த்துவிட்டு, "மஞ்சளை இரண்டாக்கிடலாம்மா" என்றார்.

"டாக்டர், வெள்ளையைப் பாக்க வேண்டாமா? மஞ்சள் வெறும் அரிசிதான. வெள்ளைதான் அடுப்பு. அடுப்பு பத்தலன்னா மூட்டை மூட்டையா அரிசி இருந்து என்ன பிரயோசனம்?"

"உதாரணமெல்லாம் சரிதான். ஆனா வெள்ளை நீங்க தினமும் எடுக்கறீங்களே. பெட்டி சொல்லுது. உங்க வீட்டுக்காரர் கைரேகை ஒரு நாள்கூட விடல."

"உடம்பு வேற சொல்லுதே, டாக்டர்."

"உடம்பு பொய் சொல்லும்மா. பெட்டி சொல்லாது." சிரித்துக்கொண்டே மஞ்சள் இரண்டு என்று எழுதிவிட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. வெள்ளை போதாத உடம்பில் மஞ்சளைக் கூட்டினால், மிச்சமிருக்கும் கொஞ்ச வெள்ளையையும் அது இழுத்துச் செலவழித்துவிடும். கால் இறுக்கம் நெஞ்சுக்குப் போகும். இது அவருக்கும் தெரியும். ஆனால் பெட்டி சொன்னால் சொன்னதுதான்.

அன்றிலிருந்து நான் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

முதலில் கம்பெனி. மலிவாக மாவைப் பிடித்து வெள்ளை மாத்திரை என்று அனுப்புகிறார்களோ? கிடங்கில் பவுல்ராஜிடம் போய், கணக்குக்கு மாதிரி வேண்டும் என்று பத்து வெள்ளை வாங்கி வந்து பரிசோதித்தேன். பத்தும் சுத்தமான மக்னீசியம். அடுத்து பவுல்ராஜ். என் பெட்டிக்கு மட்டும் வேறு எதையாவது போடுகிறானோ? போன மாதம் அவன் அளவைத் திருத்தி எழுதச் சொன்னதற்கு நான் மறுத்திருந்தேன். அவன் பெட்டிகளை நிரப்புகிற நாளில் கூடவே நின்றேன். மூடியிருந்த அட்டையை என் கண்ணெதிரே உடைத்து நிரப்பினான்.

"என்னக்கா, போலீஸ் வேலைக்குப் போயிட்டீயளா?" என்றான்.

"போயிருந்தா ஒன்னைத்தான் மொதல்ல புடிச்சிருப்பேன்."

பெட்டிக்குள் போகிற மாத்திரை நல்ல மாத்திரை. பெட்டியிலிருந்து என் வாய்க்கு வருவதற்குள் என்ன நடந்துவிட முடியும்? இடையில் இருப்பது ஒரே ஒரு கை. நானும் அதுவரை அந்தக் கையை நினைக்காமல் ஊரையெல்லாம் சுற்றி வந்திருக்கிறேன்.

மறுநாள் காலை சங்கு ஊதியது. நான் கண்ணை மூடி நாக்கை நீட்டினேன். மிக்கேல் வழக்கம்போல முதலில் மஞ்சளை வைத்தார், பிறகு வெள்ளையை. தண்ணீரைக் குடித்து மஞ்சளை விழுங்கி, வெள்ளையை நாக்குக்கு அடியில் ஒதுக்கினேன். அவர் என் தலையில் லேசாகத் தட்டிவிட்டு வேலைக்குப் போனார். நான் பாதி கரைந்த மாத்திரையைக் கைக்குட்டையில் துப்பி எடுத்துக்கொண்டு அளவுக்கூடத்துக்கு ஓடினேன்.

பெரிய கருவியெல்லாம் தேவைப்படவில்லை. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வினிகர் ஊற்றி, கிடங்கிலிருந்து வாங்கிய வெள்ளையைப் போட்டேன். சும்மா கிடந்தது. இன்னொரு கிண்ணத்தில் என் வாயிலிருந்து வந்ததைப் போட்டேன். சோடா மாதிரி நுரைத்துப் பொங்கியது.

சுண்ணாம்பு.

குடிநீர்க் குழாய்களுக்குள் வெள்ளையாகப் படிந்து கிடக்கும் சுண்ணாம்பு. அதைச் சுரண்டி எடுப்பதுதான் மிக்கேலின் வேலையில் பாதி. மீதி பாதிக்கு அவரிடம் வாஷர் அழுத்துகிற ஒரு சின்ன பிரஸ் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். பதினோரு வருடக் குடும்பத்தில் முதல் முறையாக அவருடைய பழைய கருவிப் பையைக் கொட்டினேன். ஸ்பேனர்களுக்கு அடியில் அமலியின் பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. மூடியில் முயல் படம். ஊரிலிருந்து வரும்போது நான்தான் கொண்டுவந்தேன், தொலைந்துவிட்டதென்று நினைத்திருந்தேன். ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் திறந்தேன். உள்ளே வெள்ளை மாத்திரைகள். எழுபத்தேழு. என் வாய்க்கு வந்திருக்க வேண்டிய எழுபத்தேழு காலைகள். ஒரு மூலையில், காகிதத்தில் மடித்து, சுண்ணாம்பு மாத்திரைகள் பதினைந்து.

இரண்டு மணிக்கு அவர் வேலை முடிந்து வருவதற்குள் என் புத்தி எங்கெல்லாமோ போய்வந்தது. கேன்டீனில் பரிமாறுகிற மார்க்ரெட் அவருக்கு மட்டும் மீன் துண்டு பெரிதாக வைப்பாளே. போன வருடம் பெண்டாட்டி செத்த எலக்ட்ரீஷியன் மூன்றே மாதத்தில் மறுபடி கட்டிக்கொண்டானே. மெதுவாகக் கொல்லுகிறார், சத்தமில்லாமல், சாட்சியாக நின்றே கொல்லுகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். அழுகை வரவில்லை. கெண்டைக்கால் மட்டும் விடாமல் வலித்தது.

அவர் உள்ளே வந்து, மேசையில் திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தார். செருப்பைக் கழற்றாமல் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

"தொறந்துட்டியா?" என்றார்.

"தொறக்காம? சாவுற வரைக்கும் வாயத் தொறந்துட்டே இருக்கணும்னு நெனச்சீயளா?"

"பதினஞ்சு நாளு. இன்னும் பதினஞ்சே நாளுதான இருந்துச்சு, பிள்ள." டப்பாவைப் பார்த்தபடியே சொன்னார். "அதுக்குள்ள தொறந்துட்டியே."

"எதுக்குப் பதினஞ்சு நாளு? யாருக்கு எடம் போட்டீய? மார்க்ரெட்டுக்கா?"

"எந்த மார்க்ரெட்டு?" நிஜமாகவே விளங்காமல் கேட்டார். பிறகு சட்டைப் பைக்குள் கைவிட்டு நாலாக மடித்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். லூர்து மைனி அவருடைய வேலையிடத்து எண்ணுக்கு நவம்பரில் அனுப்பிய செய்தி, அச்செடுத்து வைத்திருந்தார். மைனியின் வீட்டுக்காரருக்கு வெளிநாட்டு வேலை உறுதியாகிவிட்டது. ஜூன் பத்தாம் தேதி குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். அமலியைக் கூட்டிப்போக அனுமதி கிடைக்காது. அதற்குள் அப்பா அம்மா யாராவது ஒருவர் வராவிட்டால், கம்பெனியின் காப்பகத்தில்தான் பிள்ளையைச் சேர்க்க வேண்டும்.

அந்தக் காப்பகத்தைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும். பதினெட்டு வயதில் அங்கிருந்து வெளியே வருகிற பிள்ளைகள் நேராகக் கீழேதான் வருகிறார்கள், ஒப்பந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு. எனக்குக் கீழே வேலை பார்க்கிற இரண்டு பேர் அப்படி வந்தவர்கள். வெயிலைப் பற்றிக் கேட்டால் தோளைக் குலுக்குவார்கள்.

"மார்ச் ஒண்ணாந்தேதி ஒனக்கு மூணாவது செவப்பு விழுந்திருக்கும்," என்றார் மிக்கேல். "நீ மேல போயிருப்ப. பிள்ளைக்கு அம்மா கெடச்சிருப்பா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா ஒனக்குத் தெரிஞ்சிரும்லா. தெரிஞ்சா நாற்காலில எப்படி ஒக்காருவ?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று சிவப்பு விழுந்தவரைக் கம்பெனி சும்மா அனுப்பாது. கேள்வி நாற்காலியில் உட்கார வைத்து, விரலில் கிளிப் மாட்டி, மூன்றே மூன்று கேள்வி கேட்பார்கள். இரண்டு மாத்திரையையும் தினமும் விழுங்கினீர்களா? எப்போதாவது துப்பியது உண்டா? உங்கள் மாத்திரையில் யாராவது கை வைத்தது உங்களுக்குத் தெரியுமா? பொய் சொன்னால் விளக்கு சிவக்கும். சிவந்தால் கணவனும் மனைவியும் வேறு வேறு பிரிவு, ஒப்பந்தம் இன்னும் ஐந்து வருடம், திரையில் பேசுகிற பத்து நிமிடமும் போய்விடும். குறைந்தவரிடம்தான் கேள்வி. சாட்சியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, அவர் கட்டைவிரல்தான் பேசிவிட்டதே.

நான் தெரியாதவளாக இருந்திருந்தால் மூன்று கேள்விக்கும் உண்மையான பதில் சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பேன். என் சந்தேகம்தான் என்னைக் கீழேயே ஆணி அடித்து வைத்துவிட்டது.

ஆனாலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. "நெஞ்சு நின்னு நின்னு அடிச்சப்ப பாத்துட்டே இருந்தீயளே. நான் செத்திருந்தா?"

"எழுபத்தேழு நாளும் தூங்கல. ஒன் மணிக்கட்டப் புடிச்சு எண்ணிட்டேதான் கெடந்தேன். நூத்துக்கு மேல போனா விட்டுரலாம்னு நெனச்சிருந்தேன்."

தூக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொள்கிறார் என்று எனக்குத் தெரியும். பாசம் என்று நினைத்திருந்தேன். அது பாசமா கணக்கெடுப்பா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அன்றைக்கு நான் அவரை அடித்தேன். தோளில், முதுகில், கை ஓயும்வரை. என் உடம்பை என்னைக் கேட்காமல் எடுத்துச் செலவழித்ததற்கு அது போதாது. அவர் தடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து டப்பாவில் இருந்த வெள்ளையைத் தினமும் கூடுதலாக நான் விழுங்கினேன். மூன்றாவது சிவப்பு விழுந்தால் நான் நாற்காலியில் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் இருவரும் தொலைந்தோம். மார்ச் ஒன்றாம் தேதி என் அளவு பதினாறு. டாக்டர் உலகநாதன் தாளைத் தட்டி, "பாத்தீங்களா, மஞ்சளைக் கூட்டினதும் எப்படி ஏறிடுச்சு!" என்றார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் அதன்பிறகு அந்தப் பேச்சே இல்லை. ஜூன் பத்துக்கு இன்னும் மூன்று ஒன்றாம் தேதிகள் இருந்தன. ஏப்ரல், மே, ஜூன்.

மார்ச் இரண்டாம் தேதி காலை சங்கு ஊதியது. அவர் பெட்டியில் நான் கட்டைவிரல் வைத்தேன். மிக்கேல் கண்ணை மூடி நாக்கை நீட்டினார். பெட்டியிலிருந்த வெள்ளை என் முந்தானைக்குள் போயிற்று. என் கையில் வேறொரு வெள்ளை இருந்தது. வயிற்றெரிச்சலுக்கு அளவுக்கூடத்தில் கொடுக்கிற சுண்ணாம்பு மாத்திரை, அதே அளவு, அதே வட்டம். அதை அவர் நாக்கில் வைத்தேன். கண்ணைத் திறந்தால் முடிந்தது. அவர் திறக்கவில்லை.

என்னைக் கேட்காமல் அவர் செய்தாரே என்று அடித்த கைதான் அது. அதே வேலையை அது செய்தது. இதற்கு நான் நியாயம் எதுவும் சொல்லப்போவதில்லை.

மிச்சமிருந்த என் மாத்திரைகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, முயல் டப்பாவை அலமாரியில் இருந்த மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்தேன். தினமும் ஒரு வெள்ளை அதற்குள் சேர்ந்தது.

ஏப்ரல் ஒன்றாம் தேதி பதினொன்றரை. மே ஒன்றாம் தேதி ஒன்பது. நாள் முழுக்கக் குழாய் ஏணிகளில் ஏறி இறங்குகிற மனிதருக்கு உடம்பு சீக்கிரம் காலியாகிவிடுகிறது. டாக்டர் மஞ்சளை இரண்டாக்கினார். மிக்கேலுக்குக் கால் இறுகியது, குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தேய்க்கிற சத்தம் எனக்குக் கேட்டது. வெளியே வந்து, "இன்னைக்கு ஏணி ஏறுனது ஜாஸ்தி," என்பார். நான் கேட்கவே இல்லை, அவராகச் சொல்வார். படுத்ததும் இப்போது அவர் மணிக்கட்டை நான் பிடித்தேன். எண்பது, எண்பத்தாறு, தொண்ணூற்றிரண்டு. நூறைத் தாண்டினால் விட்டுவிடுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவருக்குப் புரிந்துவிட்டதா? இந்த ஒரு கேள்வி என்னைத் தின்றது. தெரிந்தால் நாற்காலி கண்டுபிடித்துவிடும். சந்தேகம் மட்டும் என்றால் பரவாயில்லை. சந்தேகம் நாற்காலிக்குப் பிடிபடாது, அது இங்கே எல்லோரிடமும் எப்போதும் இருப்பது. ஆனால் சந்தேகத்துக்கும் தெரிவதற்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பார்வை. கண்ணிமையை இத்தனூண்டு தூக்கினால் போதும். நான் அவரிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் அந்தக் கேள்வியே அவருக்குச் சொல்லிவிடும். அவருடைய ஒவ்வொரு அசைவையும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் இன்று தண்ணீரை மெதுவாகக் குடித்தார்? ஏன் பெட்டியைப் பார்த்தார்? ஏன் பார்க்காமல் போனார்?

மே மாதம் கோயில் திருவிழாவுக்குக் கம்பெனி எல்லோருக்கும் கேழ்வரகு கொடுத்தது. வருடத்தில் ஒருமுறை கிடைக்கிற நிஜமான தானியம். கூழ் காய்ச்சி வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கேழ்வரகில் மக்னீசியம் இருக்கிறது. வைத்துவிட்டேன், எடுக்கவும் முடியாது. அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து கிண்ணத்தைக் கையில் எடுத்தார், மோந்து பார்த்தார். கூழ் என்றால் உயிரை விடுகிற மனிதர்.

"எனக்கு வேண்டாம் பிள்ள. வயிறு ஒரு மாதிரி இருக்கு. நீ குடி."

"கொஞ்சங்கூட வேண்டாமா?"

"வேண்டாம்." கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டார். நான் அந்தக் கூழைக் குடித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

மே இருபத்தாறாம் தேதி அளவுக்கூடத்திலிருந்து திரும்பினேன். வீடு கூட்டித் துடைத்திருந்தது. அன்று அவருக்கு விடுமுறை. மாதா சுரூபம் பளபளவென்று இருந்தது. அதன் பின்னால் டப்பாவும் பளபளவென்று இருந்தது. மூடியில் படிந்திருந்த தூசி போய், முயலின் காது சிவப்பாகத் தெரிந்தது.

 டப்பாவை எடுத்துத் துடைத்திருக்கிறார். குலுங்கியிருக்கும். உள்ளே எண்பத்தாறு மாத்திரை. திறந்திருந்தால் எல்லாம் முடிந்தது. மூன்று மாத வலி, கூழ், எண்ணிய நாடி, எல்லாமே வீண். அமலி காப்பகத்துக்கு, நாங்கள் வேறு வேறு பிரிவுக்கு.

அவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "காப்பி போடட்டா?" என்றார்.

"போடுங்க," என்றேன். 

அந்த ஐந்து நாளும் நான் மனுஷியாகவே இல்லை. அவர் சிரித்தால் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். சிரிக்காவிட்டாலும் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆறு மணிச் சங்குக்கு அவர் கண்ணை மூடினார். முன்பைவிட இறுக்கமாக மூடினாரோ என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

ஜூன் ஒன்றாம் தேதி மிக்கேலின் அளவு எட்டு. என் கையாலேயே மூன்றாவது சிவப்பை எழுதினேன். பத்து மணிக்கு அவரை நாற்காலி அறைக்குக் கூப்பிட்டார்கள். உறவுக்காரர் உள்ளே வரக்கூடாது. கண்ணாடிக்கு வெளியே நின்றேன். கேள்விகள் காதில் விழவில்லை, டாக்டரின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. என்ன கேள்விகள் என்றுதான் எனக்கு மனப்பாடமாயிற்றே.

முதல் கேள்வி. மிக்கேல் தலையாட்டி ஏதோ சொன்னார். பச்சை.

இரண்டாவது. பச்சை.

மூன்றாவது கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். விளக்கு எரியாமல் இருந்தது. எனக்கு ஜெபம்கூட வரவில்லை, முயலின் சிவந்த காதுதான் கண்ணில் நின்றது. மிக்கேல் கண்ணை மூடினார், காலையில் மூடுகிற அதே மாதிரி. உதடு ஒருமுறை அசைந்தது.

பச்சை.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பவுல்ராஜ்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். இனிமேல் எனக்கு அவன்தான் சாட்சியாம், கிடங்கிலிருந்து உத்தரவு வந்துவிட்டதாம். அவனையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

ஜூன் மூன்றாம் தேதி காலை பதினோரு மணி லிஃப்ட். மேலே போக நாற்பது நிமிடம் ஆகும். ஒரு பை, ஒரு போர்வை, அமலிக்கு நான் தைத்த பாவாடை. அளவு தெரியாமல் தைத்தது, சின்னதாகத்தான் இருக்கும். எனக்கு இன்னும் ஆறு வருடம். அவளுக்கு அப்போது பதினைந்து முடிந்திருக்கும். நடக்கும்போது மிக்கேல் காலை லேசாக இழுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், எண்ணவில்லை.

லிஃப்ட் வாசலில் முயல் டப்பாவை எடுத்து அவர் பைக்குள் வைத்தேன்.

"இதுல இருக்கத மேல போயி தொறங்க. தெனம் ரெண்டு போடுங்க, பத்து நாளைக்கு. கால் வலி போயிரும். நெஞ்சும் சரியாயிரும்."

அவர் பையின் மேல் கையை வைத்து, டப்பாவின் மூலையைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு நேராக, கண்ணுக்குக் கண்ணாக.

"அன்னைக்கு மாதாவத் தொடைக்கையில இதும் கையில வந்துச்சு. தொடச்சு வச்சேன்," என்றார். "தொறக்கல, பிள்ள."

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

நான் அந்த டப்பாவைத் திறந்தபோது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.